பாட்டி, நான் இங்கே யார்?

கேள்வி:

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகன் 2011இல் எச்1பி விசாவில் குடும்பத்தோடு அமெரிக்கா போனான். பேத்தி கோவையில் பிறந்தவள். கைக்குழந்தையாகப் போனாள், இப்போது பதினாறு வயது நடக்கிறது. பேரன் 2017இல் நியூஜெர்சியிலேயே பிறந்தான். மருமகள் எம்.எஸ்சி. படித்தவள். வேலைக்குப் போக அனுமதி கிடைக்கும்வரை சில வருஷம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தாள். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு வருஷக்கணக்காகிறது. வரிசை நகரவில்லை.

போன கோடையில் அங்கே போயிருந்தேன். ஊருக்குக் கிளம்பும்போது என் பாஸ்போர்ட்டைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தால் உள்ளே ஐந்து பாஸ்போர்ட். ஐந்துக்கும் கருநீல அட்டை. நாலில் சிங்க முத்திரை, ஒன்றில் கழுகு. பேத்தி பக்கத்தில் நின்றாள். "தம்பியோடதை மட்டும் பத்திரமா வைங்க பாட்டி, இங்க அதுக்குத்தான் மதிப்பு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் இங்கே யார் பாட்டி?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பதில் சொன்ன எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை.

ஒரே வீட்டில் ஒரு பிள்ளை குடிமகன், இன்னொரு பிள்ளை வெளிநாட்டுக்காரி என்பது எப்படி? பேரனின் குடியுரிமையை யாராவது பறித்துவிட முடியுமா? குடியுரிமை இல்லாத என் பேத்திக்கும் மகனுக்கும் அங்கே உரிமை என்று ஏதாவது உண்டா? பேத்தி சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். அந்த நாட்டுச் சட்டப் பேராசிரியர்கள் இதைப் பற்றியெல்லாம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னால் அவளுக்கு உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பேத்தியின் கேள்விக்கான பதில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஒரே ஒரு பத்தியில் இருக்கிறது. 1868இல் ஏற்கப்பட்ட 14ஆவது திருத்தத்தின் முதல் பிரிவு அது. இரண்டே வாக்கியங்கள். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்களை ஆளுக்கொரு பென்சில் எடுக்கச் சொல்வேன். "குடிமக்கள்" என்று வரும் இடத்தில் ஒரு கோடு, "நபர்" என்று வரும் இடத்தில் ஒரு வட்டம். முதல் வாக்கியம், அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகார எல்லைக்கு உட்பட்டவர்களும், அங்கே குடியுரிமை வழங்கப்பட்டவர்களும் குடிமக்கள் என்கிறது. இரண்டாவது வாக்கியம் மாநில அரசுகள் செய்யக் கூடாதவற்றைச் சொல்கிறது. குடிமக்களின் சிறப்புரிமைகளைச் சுருக்கக் கூடாது. இதோடு கோடு முடிகிறது. அடுத்து, முறையான சட்ட நடைமுறை இல்லாமல் எந்த நபரின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது; தன் எல்லைக்குள் இருக்கும் எந்த நபருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது. குடிமக்களைச் சொல்லித் தொடங்கிய பத்தி, நபரைச் சொல்லி முடிகிறது. பேரன் கோட்டுக்கும் வட்டத்துக்கும் சொந்தக்காரன். பேத்தி வட்டத்துக்குள் இருக்கிறாள்.

நம் அரசியல் சட்டத்திலும் இதே வேறுபாடு உண்டு. 19ஆவது பிரிவு குடிமக்களுக்கு. 14ஆவதும் 21ஆவதும் எந்த நபருக்கும். சம பாதுகாப்பு என்ற சொல்லையே நம்மவர்கள் அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

முதலில் பேரனைப் பற்றி. அந்த முதல் வாக்கியம் சும்மா வரவில்லை. 1857இல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது, ஆகவே இவருக்கு இங்கே வழக்குப் போடும் தகுதியே இல்லை என்று தலைமை நீதிபதி டேனி எழுதினார். அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறியத்தான், உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, பிறந்தாலே குடிமகன் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள்.

குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் அது பொருந்துமா என்ற கேள்விக்கு விடை தேடித் தந்தவர் ஒரு சமையல்காரர். வோங் கிம் ஆர்க் என்று பெயர். சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் 1873இல் பிறந்தார். பெற்றோர் சீனர்கள், சட்டப்படி குடியுரிமை பெறவே முடியாதவர்கள். 1894இல் சீனாவுக்குப் போகும் முன் ஒரு காகிதம் தயார் செய்துகொண்டார்: இவர் இங்கேதான் பிறந்தார் என்று வெள்ளைக்காரச் சாட்சிகள் கையெழுத்துப் போட்ட காகிதம். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது அந்தக் காகிதம் உதவவில்லை. நீ சீனன், குடிமகன் இல்லை என்று சொல்லி, கரையில் கால் வைக்க விடாமல் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலேயே மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். சொந்த ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரம். 1898 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் வீட்டு இழுப்பறையில் இருக்கும் அந்தக் கழுகு முத்திரைக்கு அந்தச் சமையல்காரர்தான் ஆதாரம்.

இந்தக் கதை பாடப்புத்தகங்களில் அந்த வெற்றியோடு முடிந்துவிடும். வாழ்க்கையில் முடியவில்லை. 1901இல் டெக்சஸின் எல் பாசோவில் அதே வோங் கிம் ஆர்க்கை, சட்டவிரோதமாக இருக்கும் சீனர் என்ற சந்தேகத்தில் மறுபடி பிடித்தார்கள். தன் பெயரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கும் மனிதர், மறுபடியும் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. சட்டம் ஒன்று சொல்லும், வாசலில் நிற்கும் அதிகாரி இன்னொன்று செய்வார் என்பதை நாம் ஊரில் பார்க்காததா? அங்கேயும் அப்படித்தான் இருந்தது.

பறிக்க முடியுமா என்று கேட்டீர்கள். போலந்தில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஆஃப்ராயிம் என்ற ஓவியர், இஸ்ரேல் தேர்தலில் 1951இல் ஓட்டுப் போட்டார். அதற்காக அவருடைய குடியுரிமை போய்விட்டது என்றது அரசு. 1967இல் உச்ச நீதிமன்றம், குடிமகனாகவே விட்டுக்கொடுக்காத வரை குடியுரிமையை எடுத்துக்கொள்ள நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. ஐந்துக்கு நாலு, ஒரு ஓட்டு வித்தியாசம். மோசடி செய்து குடியுரிமை வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெறலாம். பிறப்பால் வந்தவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

2025 ஜனவரி 20ஆம் தேதி வந்த அதிபர் ஆணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால், பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அந்த ஆணை. எச்1பி குடும்பங்களும் அதில் அடக்கம். சியாட்டிலில் ஒரு நீதிபதி மூன்றே நாளில் அதற்குத் தடை போட்டார். அந்த ஆணை பற்றிய வழக்கு ஒன்றை உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் கையில் எடுத்தது. உங்கள் பேரன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஆணை வந்து முப்பது நாளுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. அவன் 2017இல் பிறந்தவன்.

அந்த ஆணைக்குப் பின்னால் இருக்கும் வாதமும் ஒரு சட்டப் பேராசிரியரின் மேசையில் பிறந்தது என்பதைப் பேத்திக்குச் சொல்லுங்கள். 1985இல் பீட்டர் ஷக், ராஜர்ஸ் ஸ்மித் என்ற இருவர் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் எழுதினார்கள். மக்களாட்சியில் குடியுரிமை இரு தரப்புச் சம்மதத்தின் மேல் நிற்க வேண்டும். நாடு சம்மதிக்காமல் உள்ளே வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசியல் சட்டம் தானாகக் குடியுரிமை தருகிறது என்று சொல்ல முடியாது என்றார்கள். எழுதியவர்கள் வெறுப்பாளர்கள் இல்லை. ஸ்மித், அமெரிக்கச் சட்டத்தில் இனவெறி எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைப் பின்னால் பெரிய நூலாகவே எழுதியவர். ஆனாலும் அவர்களுடைய வாதத்தை நான் ஏற்கவில்லை. குழந்தை எந்தச் சம்மதத்தைத் தர முடியும்? தாய் தகப்பன் செய்ததைப் பிள்ளையின் தலையில் எழுதக் கூடாது என்பதற்காகத்தானே 1868இல் அந்த வாக்கியத்தை எழுதினார்கள்? அடிமைத்தனம் தாய்வழியாக இறங்கிய நாடு அது.

இனி பேத்தி. அவளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு 1886இலேயே பதில் வந்துவிட்டது. அதை வாங்கித் தந்தவர் ஒரு சலவைக்காரர். சான் பிரான்சிஸ்கோவில் அப்போது ஏறக்குறைய 320 சலவைக் கடைகள். அவற்றில் 310 மரக் கட்டடங்கள். மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த வேண்டுமானால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி வந்தது. படித்துப் பார்த்தால் தீ விபத்துக்கான விதி போலத்தான் இருக்கும். யாருடைய இனமும் அதில் இல்லை. சீனர்கள் இருநூறு பேர் விண்ணப்பித்தார்கள், அத்தனையும் தள்ளுபடி. சீனர் அல்லாதவர்கள் எண்பது பேர் விண்ணப்பித்தார்கள். ஒன்று தவிர எல்லாவற்றுக்கும் அனுமதி. இருபத்திரண்டு வருஷமாக அதே இடத்தில் துணி வெளுத்த யிக் வோ என்ற கடையின் உரிமையாளருக்குப் பத்து டாலர் அபராதம். கட்ட மறுத்ததால் சிறை. அவர் சீன நாட்டுப் பிரஜை. உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: 14ஆவது திருத்தம் குடிமக்களோடு நின்றுவிடவில்லை, எந்த நபருக்கும் அது பொருந்தும், சட்டம் எழுத்தில் நேராக இருந்து நடப்பில் கோணலாக இருந்தால் அதுவும் பாகுபாடுதான்.

அந்தச் சலவைக் கடைத் தீர்ப்பின் வழியில்தான் 1982இல் டெக்சஸின் டைலர் நகரத்துப் பிள்ளைகளுக்கு நீதி கிடைத்தது. விசா இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டுமானால் வருஷத்துக்கு ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். உங்கள் மகனைப் போன்றவர்களின் வழக்கு ஒன்றும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் மருந்தாளுநர் உரிமம், குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான் என்று சட்டம் இருந்தது. எச்1பி விசாவில் வருஷக்கணக்காக வேலை பார்த்த மருந்தாளுநர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கின் பெயரில் முதலில் நிற்பது தண்டமூடி என்ற ஆந்திரப் பெயர். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டப்படி வந்து, வரி கட்டி, வேலை பார்க்கும் மனிதரை விசாவின் பெயரைக் காட்டித் தள்ளக் கூடாது என்பது அதன் சாரம். இதற்கு நேர் எதிராக, லூசியானாவில் தற்காலிக விசாக்காரர்களை வழக்கறிஞராகச் சேர்க்க மறுத்த விதியை 2005இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சரி என்றது. ஆகவே இந்த உரிமை ஊருக்கு ஊர் மாறும்.

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பிக்கல் இந்த "நபர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய வாதம் வைத்தார். அவரே ருமேனியாவில் பிறந்து குடியேறியவர். அவர் இறந்த பிறகு 1975இல் வந்த புத்தகத்தில் அது இருக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் குடியுரிமைக்குப் பெரிய இடம் இல்லை, இல்லாததே நல்லது என்கிறார். டிரெட் ஸ்காட் வழக்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்: குடிமகன் இல்லை என்ற ஒரே வார்த்தையில் எல்லாக் கதவையும் சாத்தினார்கள். உரிமையைக் குடியுரிமையில் கட்டினால், அந்தக் கயிற்றை அறுத்தால் போதும், மனிதன் நடுத்தெருவில். மனிதனிலேயே கட்டிவிட்டால் அறுக்க முடியாது. சட்டம் படிக்கத் தொடங்கிய காலத்தில் இதைப் படித்துவிட்டுப் பல நாள் இதே நினைப்பாக இருந்தேன்.

பிற்பாடுதான் அதில் ஓட்டை தெரிந்தது. சாய் சான் பிங் என்ற கூலித் தொழிலாளியின் வழக்கு அதைக் காட்டிக் கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். 1887இல் ஊருக்குப் போகும்போது, திரும்பி வரலாம் என்று அமெரிக்க அரசே கொடுத்த சான்றிதழ் கையில் இருந்தது. திரும்பும் கப்பல் நடுக்கடலில் வந்துகொண்டிருக்கையில், 1888 அக்டோபர் முதல் தேதி, அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எதுவும் செல்லாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு வாரத்தில் கப்பல் கரை சேர்ந்தது. அவரை இறங்க விடவில்லை. 1889இல் உச்ச நீதிமன்றம், யாரை உள்ளே விடுவது என்பது அரசின் இறையாண்மை, நாங்கள் தலையிட மாட்டோம் என்று ஒருமனதாகச் சொன்னது. இனவெறியில் எழுந்த அந்தத் தீர்ப்பு இன்றுவரை முழுதாகக் கைவிடப்படவில்லை.

ஆக, அந்த நாட்டை ஒரு வீடாக நினைத்தால், வீட்டுக்குள் இருக்கும்வரை "நபர்" என்ற சொல் உங்கள் பேத்தியைக் காக்கும். பள்ளியில், நீதிமன்றத்தில், போலீஸ் ஸ்டேஷனில் அவளுக்கும் அவள் தம்பிக்கும் வித்தியாசம் கிடையாது. வீட்டு வாசலில், அதாவது இருக்கலாமா போக வேண்டுமா என்ற கேள்வியில், அந்தச் சொல்லின் பலம் மிகவும் குறைந்துவிடுகிறது. போ என்று சொல்லிவிட்டால் உள்ளே இருந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிக்கல் இதை நேராகப் பார்க்கவில்லை என்பது என் முடிவு. லிண்டா பாஸ்னியாக் 2006இல் எழுதிய நூலில் இதை நன்றாகக் காட்டுகிறார்: நாட்டின் எல்லைக்கோடு விமான நிலையத்தோடு முடிவதில்லை, வெளிநாட்டவர் வேலை பார்க்கும் இடத்துக்கும் வாழும் வீட்டுக்கும் கூடவே வருகிறது.

இந்த வரலாற்றில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அப்போது வெள்ளையருக்கும், உள்நாட்டுப் போருக்குப் பின் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை வழங்கலாம் என்பது சட்டம். 1923இல் உச்ச நீதிமன்றம், சாதாரண அமெரிக்கர் இந்தியரை வெள்ளையர் என்று நினைக்க மாட்டார், ஆகவே குடியுரிமை கிடையாது என்றது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய், பிரிட்டிஷ் பிரஜை என்ற நிலையை உதறிவிட்டு அமெரிக்கரானவர். இரண்டும் இல்லாமல் நின்று, 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியர் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் 1946இல்தான் வந்தது. வருஷத்துக்கு நூறு பேர் குடியேறலாம் என்று கணக்கு. யார் வெள்ளையர் என்று நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்ட 52 வழக்குகளை அலசி இயன் ஹேனி லோபஸ் 1996இல் ஒரு நூல் எழுதினார். இனம் என்பதைச் சட்டம்தான் உருவாக்கியது என்று அவர் காட்டுவதைப் படித்தால், சாதிச் சான்றிதழ் பார்த்த நமக்கு அது அந்நியமாகத் தெரியாது.

உங்கள் மருமகள் வீட்டில் முடங்கிய வருஷங்களைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஹார்வர்டில் அரசியல் தத்துவம் கற்பித்த ஜூடித் ஷ்க்ளார் அந்த ஒரு வரிக்காகவே ஒரு புத்தகம் எழுதியதுபோல இருக்கும். லாட்வியாவின் ரீகாவில் பிறந்த யூதப் பெண். சிறுமியாகக் குடும்பத்தோடு நாஜிகளிடமிருந்து தப்பி சுவீடன், ரஷ்யா, ஜப்பான் என்று சுற்றி, சியாட்டில் வந்து இறங்கியபோது அங்கேயும் சில வாரம் அடைத்து வைக்கப்பட்டவர். 1991இல் அவர் எழுதினார்: அமெரிக்காவில் ஒருவருக்கு மதிப்பு இரண்டு விஷயத்தால் வருகிறது, ஓட்டு, சம்பாத்தியம். அடிமைக்கு இரண்டும் இல்லை. அதனால்தான் இரண்டில் ஒன்று இல்லாதவரும் அந்தச் சமூகத்தில் தலைகுனிந்து நிற்கிறார். எச்1பி ஊழியர்களின் மனைவி, கணவன்மாரில் ஒரு பகுதியினர் வேலை பார்க்கலாம் என்ற விதி 2015இல் வந்தது. அதற்கு முன் அந்த வீடுகளில் படித்த பெண்கள் இழந்ததைப் பணக் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது.

உரிமை, சட்டம், காகிதம் எல்லாம் வெறும் பேச்சு, அதிகாரம் உள்ளவன் நினைத்தபடி வளைப்பான் என்று சொல்லும் சட்ட அறிஞர்களும் அங்கே உண்டு. 1970களிலும் 80களிலும் அவர்கள் ஒரு பெரிய அணி. பேத்தி கல்லூரிக்குப் போனால் அந்த வாதத்தைக் கட்டாயம் சந்திப்பாள். இளம் வயதில் அது ஈர்க்கும். அதற்குப் பதிலாகப் பட்ரீசியா வில்லியம்ஸ் சொன்ன கதையை அவளுக்குச் சொல்லி வையுங்கள். வில்லியம்ஸ் கறுப்பினப் பெண். அவருடைய பாட்டியின் பாட்டி, அடிமையாக ஒரு வழக்கறிஞருக்கு விற்கப்பட்டவர். வில்லியம்ஸும், வெள்ளையரான பீட்டர் கேபலும் நியூயார்க்கில் சட்டம் கற்பிக்கப் போனபோது இருவரும் வாடகைக்கு வீடு தேடினார்கள். கேபல் முன்பின் தெரியாதவர்களிடம் 900 டாலரை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தார். ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை, சாவி இல்லை. கை குலுக்கியதே போதும் என்றார். காகிதம் கேட்டால் மனிதரை நம்பாததுபோல் ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். வில்லியம்ஸ் வீடு பார்த்தது நண்பர்களிடம். ஆனாலும் பொடி எழுத்தில் அச்சடித்த நீளமான ஒப்பந்தத்தை வரிவரியாகப் பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டார். காரணம், தன்னைப் போன்ற ஒருத்தியைப் பார்த்ததும் நம்பிக்கை வைக்காத ஊரில், கையெழுத்திட்ட காகிதம்தான் தன்னைச் சரிசமமான மனுஷியாக நிறுத்துகிறது என்பது. இது 1991இல் வந்த அவருடைய நூலில் இருக்கிறது. காகிதத்தை அலட்சியம் செய்ய முடிகிறவர்கள், அது இல்லாமலே மதிக்கப்படுகிறவர்கள். உங்கள் மகன் வீட்டில் யாரும் அந்த நிலையில் இல்லை.

பேத்தி படிக்க வேண்டிய முதல் புத்தகம் எது என்று கேட்டால், ஹிரோஷி மோட்டோமுரா 2006இல் எழுதியதைச் சொல்வேன். தலைப்பைத் தமிழில் "காத்திருக்கும் அமெரிக்கர்கள்" எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், குடிமகனாகப் போகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலே அவரைப் பாதி அமெரிக்கராக நடத்தினார்கள் என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். பல மாநிலங்களில் ஓட்டு கொடுத்தார்கள். 1862இன் நிலச் சட்டத்தில் 160 ஏக்கர் கேட்கும் தகுதி கொடுத்தார்கள். அதெல்லாம் பெரும்பாலும் வெள்ளையருக்குத்தான் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். வந்தவரை, நாளைக்கு நம்மவர் என்று பார்க்கும் பழக்கத்தை அந்த நாடு தொலைத்துவிட்டது என்பது அவர் வருத்தம். அவளுடைய கேள்விக்கு இதைவிட நெருங்கிய பதிலை நான் படித்ததில்லை. அவள் அங்கே ஒரு நபர், முழு நபர். நியாயப்படி, காத்திருக்கும் அமெரிக்கர். சட்டம் இன்னும் அந்த நியாயத்துக்கு வரவில்லை.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். வேலைவாய்ப்பு வழியிலான கிரீன் கார்டு வருஷத்துக்கு ஏறத்தாழ 1,40,000. எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. இந்தியா போன்ற பெரிய நாட்டுக்கும் குட்டி நாட்டுக்கும் ஒரே அளவு. வரிசை நகராததற்கு அதுதான் காரணம், மகனின் குறை ஏதுமில்லை. பேத்திக்கு 21 வயது ஆகிவிட்டால், எச்1பி ஊழியரின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் இருக்க முடியாது. மனு பரிசீலனையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கும் சலுகை 2002இன் சட்டம் ஒன்றில் இருக்கிறது. அந்தக் கணக்கை இப்போதே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உட்கார்ந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது வயதில் ஓடினால் நேரம் போதாது.

இன்னொன்றை மறக்காமல் சொல்லுங்கள், இது மிக முக்கியம். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அவள் டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போவாள். அங்கே விண்ணப்பத்தோடு வாக்காளர் பதிவுக்கும் கேள்வி வரும். "நான் அமெரிக்கக் குடிமகள்" என்ற கட்டத்தில் தவறிக்கூட டிக் போட்டுவிடக் கூடாது. குடிமகள் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால், பிற்பாடு கிரீன் கார்டே கிடைக்காமல் போகலாம். அதற்கு மன்னிப்புப் பெறும் வழி பெரும்பாலும் கிடையாது. பேரனுடைய பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியை பாஸ்போர்ட்டிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பேத்தியின் பள்ளிச் சான்றுகள், ஒவ்வொரு முறை விசா நீட்டித்தபோதும் வந்த கடிதங்கள், எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

அவள் வழக்கறிஞராக முடியுமா என்று உங்கள் மனதுக்குள் ஒரு கேள்வி ஓடுவது கடிதத்தில் தெரிகிறது. நெதர்லாந்துக் குடிமகளான ஃப்ரே கிரிஃபித்ஸ் என்ற பெண் கனெக்டிகட் மாநிலத்தில் வழக்கறிஞராக விண்ணப்பித்தபோது, அமெரிக்கக் குடியுரிமை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1973 ஜூனில், அங்கே நிரந்தரமாக வசிக்கும் வெளிநாட்டவரை வழக்கறிஞர் தொழிலிலிருந்து அப்படி ஒதுக்கக் கூடாது என்று ஏழு நீதிபதிகள் அவர் பக்கம் நின்றார்கள். தீர்ப்பு நீளமானதில்லை, பதினாறு வயதுப் பெண்ணுக்குப் புரியும். பேத்தியை அதை முதலில் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவளே எனக்கு எழுதட்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ. பதில் போடுகிறேன்.